சொன்னவருக்கு என்ன ஆனது?

இளங்கலை வரலாறு படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சீனா என்றால் செல்போன், புல்லட் ரயில், நம்மோடு எல்லைத் தகராறு. சிலருக்கு மட்டும் மாவோ என்ற பெயர் வீட்டிலேயே பழக்கம். அப்பா தொழிற்சங்கக்காரராக இருப்பார், சுவரில் படம் மாட்டியிருக்கும். இந்த இரு தரப்பையும் ஒரே வகுப்பில் வைத்துக்கொண்டு, 1949க்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியில் சீன மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லித்தர வேண்டும். தூரக்கிழக்கு நாடுகளின் வரலாறு எடுக்கும் ஆசிரியையாகப் பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன்.

பெரும் பாய்ச்சல், கலாசாரப் புரட்சி, டெங் சியாவோபிங்கின் சீர்திருத்தம் என்று தலைப்பு தலைப்பாக நடத்தினால் பிள்ளைகள் மார்க் வாங்கிவிடுவார்கள். மக்கள் பட்ட பாடு மட்டும் விட்டுப்போகும். அதனால் முதல் வகுப்பிலேயே கரும்பலகையின் மேல் ஓரத்தில் இரண்டு கேள்விகளை எழுதிவிடுவேன். தப்பு நடக்கிறது என்று சொன்னவர் யார்? சொன்னவருக்கு என்ன ஆனது? எந்தக் காலகட்டத்தைப் படித்தாலும் இந்த இரண்டுக்கும் விடை தேட வேண்டும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு.

புரட்சி கொடுத்ததை முதலில் சொல்லிவிடுவேன். 1950ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் கட்டாயக் கல்யாணத்தையும் வைப்பாட்டி முறையையும் ஒழித்து, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தந்தது. எழுத்தறிவு பரவியது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற 'வெறுங்கால் மருத்துவர்கள்' கிராமங்களுக்குப் போனார்கள். 1949இல் 40 வயதைக்கூட எட்டாத சராசரி ஆயுள், மாவோ இறந்த 1976இல் 60ஐத் தாண்டியிருந்தது. நிலச்சீர்திருத்தத்தில் ஏழைக் குடியானவர்களுக்கு நிலம் கிடைத்தது. அதே நிலச்சீர்திருத்தத்தில் நிலக்கிழார்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தப்பட்டார்கள், லட்சக்கணக்கில் கொல்லவும் பட்டார்கள். கொடுத்த நிலத்தையும் சில ஆண்டுகளிலேயே கூட்டுப்பண்ணைக்கென்று அரசு திரும்ப வாங்கிக்கொண்டது.

1957இல் கதை திரும்புகிறது. குறைகளை மனம் திறந்து சொல்லுங்கள் என்று கட்சியே அழைத்தது. படித்தவர்கள் சொன்னார்கள். சில வாரங்களில் காற்று மாறி, ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் 'வலதுசாரி' என்று முத்திரை விழுந்தது. வேலை பறிபோனது, பலர் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதைப் பார்த்த நாடு வாயை மூடிக்கொண்டது. அடுத்த ஆண்டே, விளைச்சலையும் எஃகையும் ஒரே தாவலில் பெருக்கிவிடுவது என்ற பெரும் பாய்ச்சல் திட்டம் தொடங்கியது.

இந்த இடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கணக்கு போடச் சொல்வேன். கற்பனைக் கணக்குதான். ஓர் ஊரில் 100 மூட்டை விளைந்திருக்கிறது. கொள்முதலாக அரசு எடுப்பது நூற்றுக்கு முப்பது. நான்கு பிள்ளைகள் எழுந்து வரிசையாக நிற்பார்கள். ஊர்த் தலைவர் உண்மையைச் சொன்னால் பின்தங்கியவர் என்று திட்டு விழும், ஆகவே 150 என்கிறார். பல ஊர்களைச் சேர்த்த கூட்டுப்பண்ணையான கம்யூனின் அதிகாரி 200 என்கிறார். மாவட்டத்திலிருந்து 250 என்று மேலே போகிறது. தலைநகரில் இருப்பவர் 250க்கு முப்பது சதவீதம் கணக்குப் போட்டு 75 மூட்டை கேட்கிறார். ஊரில் மிச்சம் 25. அதில்தான் சாப்பாடு, விதை, மாட்டுத் தீவனம் எல்லாம். பிள்ளைகள் பலகையில் அந்த 25ஐ எழுதியதும் வகுப்பில் பேச்சு அடங்கிவிடும். பஞ்சம் எப்படி வந்தது என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் இதன் மேல் ஏறிய சுமை. கம்யூன்களில் பொதுச் சாப்பாட்டுக்கூடம் திறந்து, வீட்டு அடுப்பை மூடச் சொன்னார்கள். எஃகு உற்பத்திக்கென்று வாணலியையும் இரும்புச் சாமானையும் கொல்லைப்புற உலைகளில் போட்டு உருக்கினார்கள். கூடத்தில் கஞ்சி தீர்ந்தபோது வீட்டில் சமைக்கப் பாத்திரமும் இல்லை, தானியமும் இல்லை. மக்கள் செத்துக்கொண்டிருந்த 1959இல் சீனா 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி செய்தது.

ஹெனான் மாகாணத்துச் சின்யாங் பகுதியில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். பிச்சையெடுக்கவாவது போகலாம் என்று கிளம்பியவர்களைச் சாலையில் தடுத்தார்கள். வெளியூருக்கு எழுதிய கடிதங்களை அஞ்சல் நிலையத்திலேயே பிடித்து வைத்தார்கள். இதையெல்லாம் தோண்டி எடுத்தவர் யாங் ஜிஷெங், அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவாவில் நிருபராக இருந்தவர். 1959இல் அவர் பள்ளி மாணவர். தகவல் கிடைத்து ஊருக்கு ஓடியபோது, வளர்த்த தந்தை எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கொண்டுபோன அரிசியைக் கஞ்சி வைத்துக் கொடுத்தும் அவரால் விழுங்க முடியவில்லை. மூன்றே நாளில் இறந்தார். அந்தச் சாவுக்கு அரசு காரணம் என்று அப்போது யாங்குக்குத் தோன்றவே இல்லை. பிற்காலத்தில் பல மாகாணங்களின் ஆவணங்களைப் புரட்டி, 3 கோடியே 60 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டு எழுதினார். மற்ற ஆய்வாளர்களின் கணக்கு ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடிவரை போகிறது. யாங்கின் நூல் 2008இல் ஹாங்காங்கில் வெளியானது. சீன மண்ணில் அதற்குத் தடை.

அந்த நாளில் தப்பைச் சொன்னவர் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய். ஊர்களை நேரில் பார்த்துவிட்டு, 1959 ஜூலையில் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். கட்சி விரோதி என்று அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கொரியப் போரில் படை நடத்திய தளபதிக்கே இந்தக் கதி என்றால், ஒரு மாவட்ட அதிகாரி எப்படி வாய் திறப்பார்? பஞ்சம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

"அப்போ எங்கப்பா சொல்றதெல்லாம் பொய்யா மேடம்?" என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். அப்பா செங்கொடிச் சங்கத்துக்காரர். அப்பா கேட்கும் கூலி நியாயம், அதில் பொய் ஒன்றும் இல்லை என்றேன். 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேரைச் சாகவிட்டது பிரிட்டிஷ் ஆட்சி என்றும் சொன்னேன். ஏழைகளின் பெயரால் வந்த அரசிடம் ஏழை வாய் திறக்க முடியாமல் போனது எப்படி என்பதுதான் நாம் படிக்க வேண்டியது. அதை வீட்டில் அப்பாவிடமும் பேசு என்று அனுப்பினேன்.

மாவோ 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியை நான் ஓர் ஆசிரியையின் சாவிலிருந்து தொடங்குவேன். பெய்ஜிங்கின் ஒரு பெண்கள் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை பியான் சோங்யுன். நிலநடுக்கம் வந்தால் மாவோவின் படத்தையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்டபோது, முதலில் வெளியே திறந்தவெளிக்கு ஓடுங்கள் என்றார். பின்னால் அதுவும் அவர்மீது ஒரு குற்றச்சாட்டானது. 1966 ஆகஸ்ட் 5 அன்று அவருடைய மாணவிகளே அவரை அடித்துக் கொன்றார்கள். கணவர் வாங் ஜிங்யாவ் மறுநாளே ஒரு கேமரா வாங்கி, மனைவியின் உடலைப் படமெடுத்து, பல்லாண்டுக் காலம் காப்பாற்றி வைத்தார். 2014இல் முன்னாள் மாணவிகள் சிலர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்கள். வாங் அதை ஏற்கவில்லை. அடித்தவர்கள் ஏறத்தாழ உங்கள் வயதுப் பிள்ளைகள் என்று நான் சொல்லும்போது மாணவர்களுக்கு அது வேறு யாருடைய கதையாகவோ இருப்பதில்லை.

அரசு விட்டுக்கொடுத்த நேரமும் உண்டு. 1978 குளிர்காலத்தில் அன்ஹுய் மாகாணத்துச் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுநிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டு, ரகசிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்பதும் ஒப்பந்தத்தில் சேர்த்தி. இந்த முறை மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி தண்டிக்காமல் ஆதரித்தார். மறு அறுவடையில் களஞ்சியம் நிறைந்தது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் கம்யூன்கள் கலைந்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டதற்கு இதுதான் முதல் படி. இந்தச் சாதனையைக் காட்டிப் பழைய சாவுகளை நேர்செய்யப் பார்க்கும் மாணவர் எல்லா வகுப்பிலும் ஒருவர் இருப்பார். இரண்டும் உண்மை, இரண்டையும் எழுது என்பேன். 1960இல் பட்டினியில் செத்தவருக்குப் புல்லட் ரயில் ஈடாகாது.

அதே கேள்விகளோடுதான் பிந்தைய காலத்துக்கும் போகிறோம். 1989 ஜூன் 4 அன்று பெய்ஜிங் தெருக்களில் போராடிய மக்கள்மீது ராணுவம் சுட்டது. மகன்களை இழந்த தாய்மார்கள் இன்றும் கணக்குக் கேட்கிறார்கள், பதில் கிடைப்பது கண்காணிப்பு. ஒரு குழந்தைக் கொள்கையின் பெயரால் நடந்த கட்டாயக் கருக்கலைப்புகளை 2005இல் பதிவு செய்தவர் பார்வையற்ற சென் குவாங்செங். அவருக்கு நான்கு ஆண்டுக்கு மேல் சிறை. புதுத் தொற்று பரவுகிறது என்று சக மருத்துவர்களை எச்சரித்த வூஹான் டாக்டர் லீ வென்லியாங்கை 2020 ஜனவரியில் காவல் நிலையத்துக்கு அழைத்து, பொய்த் தகவல் பரப்பியதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த மாதம் அதே தொற்றில் இறந்தார்.

சீனாவில் 2018இல் வந்த எட்டாம் வகுப்புப் பாடநூலில் கலாசாரப் புரட்சிக்கு இருந்த தனிப்பாடம் வேறொரு பாடத்துக்குள் சுருங்கியது. அங்கே ஒரு வரலாற்று ஆசிரியர் இந்தக் கேள்விகளைப் பலகையில் எழுதினால் வேலை போகும், அதற்கு மேலும் போகலாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. அதனாலேயே, பத்து மதிப்பெண்ணுக்குச் சாதனைகளைப் பட்டியலிடச் சொல்வதோடு இந்தப் பாடத்தை முடித்துக்கொள்ளக் கூடாது என்று சக ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எந்த அரசைப் படிக்கும்போதும், நாம் வாழும் அரசைப் பார்க்கும்போதும், அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை வெளியே அனுப்புவதற்குத்தான் நாம் வரலாறு நடத்துகிறோம்.