தேடலும் தொகுப்பும்: ஏ. கே. செட்டியாரின் காந்தியடிகள் படம்

ஏ. கே. செட்டியாரின் நூல்களைப் பயண இலக்கியம் என்னும் தலைப்பில் வைத்தே நாம் கற்பித்து வருகின்றோம். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூற்பெயர் அவருக்கே பட்டப்பெயராகவும் நிலைத்துவிட்டது. ஆயினும், ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் அவர் நூலைப் பயண நூல் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. அது பதிப்பு வரலாற்றின் பாற்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழில் தேடல் வரலாற்றுக்குத் தலையாய சான்று உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஆகும். இளமையில் குன்னத்துச் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது முதல், 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தது ஈறாகவும் அதற்கு அப்பாலும், ஆசிரியரையும் ஏட்டையும் நாடி அவர் ஊர்தோறும் சென்ற செய்திகள் அதனுள் விரிகின்றன. அந்நூல் ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கிய 1940ஆம் ஆண்டிலேயே, செட்டியார் தொகுத்த ‘மகாத்மா காந்தி’ என்னும் படமும் திரைக்கு வந்தது. ஆண்டு ஒத்தது தற்செயலே எனினும், செயல் ஒத்தமை கருதத்தக்கது.

செட்டியார் 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று அண்ணலின் பிறந்தநாள்; செட்டியாருக்கு அகவை இருபத்தைந்து.

புதிதாகப் படம் எடுப்பதினும், முன்னரே எடுக்கப்பட்டுச் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டுவதே அவர்தம் பெரும்பணியாயிற்று. 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 100 ஒளிப்பதிவாளர்கள் எடுத்த படச்சுருள்களை நாடி, அவர் நான்கு கண்டங்களில் ஒரு இலட்சம் மைல் பயணம் செய்தார். திரண்டவை 50,000 அடி. அவற்றுள் தேர்ந்தெடுத்துக் கோத்தவை 12,000 அடி. நிமிடத்திற்கு 90 அடி என்னும் திரையரங்கு வழக்கின்படி கணக்கிடின், ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட காட்சிகள் இரண்டேகால் மணி நேரத்தில் அடங்கின எனலாம். 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் சென்னை ராக்சி திரையரங்கில் தமிழ்ப்படம் வெளியாயிற்று. தெலுங்கு, இந்தி வடிவங்களும், 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் பின்னர்த் தோன்றின.

சிதறியவற்றைத் தேடுதல், பெற்றவற்றை ஒப்பிடுதல், கொள்வன கொண்டு முறைப்படுத்துதல் என்னும் மூன்றும் ஏட்டுப் பதிப்பாசிரியர்க்கும் படத்தொகுப்பாளர்க்கும் பொதுவாம். வேறுபாடும் உண்டு. பதிப்பாசிரியர் தாம் கொள்ளாத பாடத்தைப் பாடவேறுபாடாக அடிக்குறிப்பிற் காட்ட இயலும். திரைப்படத்திற்கு அடிக்குறிப்பு இல்லை. தொகுப்பாளர் விலக்கிய முக்காற் பங்கும் காண்போர் அறியாமலே மறையும். ஓலை பழுதுறின் அதனைப் பெயர்த்தெழுதலாம். அக்காலப் படச்சுருளோ எளிதில் தீப்பற்றுவது, நாளடைவில் நைந்து அழிவது.

இங்குத்தான் நூலின் அருமை புலனாகின்றது. தமிழ்ப்படம் இன்று நமக்குக் கிடைத்திலது. சுருக்கப்பட்ட ஆங்கில வடிவமே அமெரிக்காவிற் கண்டெடுக்கப்பட்டது. எனவே, தேடிய வரலாற்றை ஆசிரியரே பிற்காலத்தில் ‘குமரி மலர்’ இதழில் எழுதி, அவர் மறைவுக்குப்பின் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலே, அப்படத்தின் இழந்த அடிக்குறிப்பாக நமக்கு எஞ்சியுள்ளது. தம் உழைப்பை விரித்துரையாத அடக்கமான நடையினது ஆதலின், அதனை மேலோட்டமாகக் கற்போர் இனிய பயணக் கதை என்றே கடந்துவிடுவர்.

இத்தொகுக்கும் இயல்பு படத்தோடு முடிந்ததன்று. 1943இல் தொடங்கி 1983இல் தாம் மறையுந்துணையும் நடத்திய குமரி மலரில் பழந்தமிழ் இதழ்ச் செய்திகளைத் தேடி மறுபதிப்புச் செய்தார். பழைய பயணக் கட்டுரைகளைத் ‘தமிழ்நாடு’ என்னும் தொகுப்பாக 1968இல் வெளியிட்டார். அவரைப் பயண எழுத்தாளர் என்னும் ஒரு சிமிழுள் அடைத்தல் அவர்தம் பணியைக் குறைத்து மதிப்பதேயாம்.

எனவே, இளம் ஆய்வாளர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நூலிற் கூறப்படும் காட்சிகளையும், அவை பெறப்பட்ட ஊர்களையும், உதவியோரையும் அட்டவணைப்படுத்தி, எஞ்சிய ஆங்கிலப் படத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். ஏட்டுச்சுவடிக்கு நாம் காட்டும் கருத்தைப் படச்சுவடிக்கும் காட்டுவோமாயின், இழந்த தமிழ்ப்படத்தின் அமைப்பினை ஓரளவேனும் மீட்டறிதல் கூடும்.