லிங்க் கேட்கும்போது சொல்லையும் சேர்த்துக் கேளுங்கள்

திருகோணமலை துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் நம்மவர்கள் பலர் இப்போது சொந்தமாக இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். புறாத்தீவுக்குப் படகு விடுபவர், நிலாவெளியில் நாலு அறை வைத்து வாடகைக்குக் கொடுப்பவர், கிண்ணியாவில் விருந்து மண்டபம் நடத்துபவர் என்று பட்டியல் நீளும். வெளிநாட்டு முன்பதிவுத் தளங்களுக்குக் கமிஷன் கொடுத்து மாளாது என்பதுதான் முதல் காரணம். பயணி நேரடியாக வந்தால் அந்தப் பணம் வீட்டோடு நிற்கும்.

ஆனால் கூகுளில் தேடினால் தளம் மேலே வருவதில்லை. பிற தளங்கள் லிங்க் கொடுத்தால் வரும் என்று யாராவது சொல்ல, தெரிந்த செய்தித்தளங்களுக்கு மெசேஜ் போடுகிறார்கள். லிங்கும் கிடைத்து விடுகிறது: "மேலதிக விபரங்களுக்கு இங்கே கிளிக் செய்யவும்." இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

லிங்க் எந்தச் சொல்லின் மீது விழுகிறது என்பதைக் கூகுள் ஆரம்பம் முதலே கவனிக்கிறது. செர்ஜி பிரினும் லாரி பேஜும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பக்கத்தை விட, அதைச் சுட்டும் சொற்கள் சரியாகச் சொல்வதுண்டு என்று குறிப்பிட்டார்கள். 2003இல் அமெரிக்காவில் சிலர் இதை வைத்து விளையாடினார்கள். "படுதோல்வி" என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் ஜனாதிபதி புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தார்கள். அந்தச் சொற்கள் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. ஆனாலும் கூகுளில் அதுதான் முதலில் வந்தது! 2007இல்தான் கூகுள் அதைச் சரி செய்தது.

"இங்கே" என்ற சொல் எதைச் சொல்கிறது? ஒன்றையும் சொல்லவில்லை. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பாவிக்கும் பார்வையற்ற சகோதரருக்கும் "இங்கே, இங்கே" என்று மட்டுமே கேட்கும்.

நமது மாவட்டத்தில் ஊர்ப் பெயரே ஒரு சிக்கல். கிண்ணியா, கன்னியா இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்று 2009இல் திறந்த நீண்ட பாலத்தைக் கடந்து போகும் ஊர். மற்றது நகருக்கு மறுபக்கம் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள இடம். மூதூரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். திருகோணமலை, திருமலை, ட்ரிங்கோமலி மூன்றும் ஒரே ஊர். ஆகவே லிங்க் கேட்கும்போது ஊரையும் தொழிலையும் சேர்த்து, "நிலாவெளியிலிருந்து புறாத்தீவு படகுப் பயணம்" அல்லது "கிண்ணியாவில் ஹலால் உணவுடன் தங்குமிடம்" போன்ற சொற்களில் லிங்கைப் போட முடியுமா என்று கேளுங்கள். எந்தப் பக்கத்துக்கு என்பதையும் சொல்லுங்கள். படகுப் பயணம் என்று சொல்லி முகப்புப் பக்கத்துக்கு அனுப்பினால், வந்தவர் தேடிக் களைத்துத் திரும்பி விடுவார். முடிவு அந்த ஆசிரியருடையது. அவருடைய வசனத்துக்குப் பொருந்தாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

அதற்காக எல்லோரிடமும் ஒரே வசனத்தைக் கொடுத்து விடாதீர்கள். ஜே.சி. பெனி என்ற அமெரிக்கக் கடைத்தொடருக்கு, சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து "ஆடைகள்" போன்ற சொற்களில் லிங்குகள் குவிந்திருந்தது 2011இல் அம்பலமானது. கூகுள் அதைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த 'பென்குயின்' மாற்றத்தோடு இப்படிப்பட்ட பல தளங்கள் சரிந்தன. நூற்றுக்கணக்கில் லிங்க் தருகிறோம் என்று காசு கேட்பவர்கள் விற்பது அந்தப் பழைய சரக்கைத்தான். பெரும்பாலான லிங்குகள் கடையின் பெயரிலேயே இருப்பது இயல்பு. காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருந்தால், லிங்கில் 'ஸ்பான்சர்ட்' என்ற குறியீட்டை இடச் சொல்லுங்கள். கூகுளின் விதி அது. வாசகரிடம் மறைக்காமல் இருப்பதும் நமக்குக் கடமை.

ஏற்கனவே கிடைத்த "இங்கே" லிங்குகளையும் மாற்றலாம். ஒரு வரி மெசேஜ் போதும், பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். மாற்றத்தைக் கூகுள் கவனிக்கச் சில வாரங்கள் ஆகலாம். நிலாவெளியில் கடல் அமைதியாகி, பயணிகள் வரத் தொடங்குவது ஏப்ரல், மே மாதமளவில். படகுக்காரர்கள் ஜனவரியிலேயே கேட்டு வைப்பது நல்லது.