குணமான பின்பும் மாத்திரை வேண்டும்



சில வாரங்கள் தூக்கமே இல்லாத உற்சாகம், ஓயாத பேச்சு, கணக்கில்லாத செலவு. பிறகு படுக்கையை விட்டு எழவே முடியாத சோர்வு. இப்படி மாறி மாறி வரும் நோய்க்கு பைபோலார், அதாவது இருமுனை மனநோய் என்று பெயர். இது ஈமான் குறைவால் வருவதல்ல. சர்க்கரை, பிரஷர் போல நீண்ட நாள் மருந்து தேவைப்படும் நோய்.

உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்பது, "நல்லாத்தானே இருக்கார், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்பதுதான். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறார் என்பது மறந்துவிடுகிறது. லித்தியம் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம். உயிருக்கே ஆபத்தான எண்ணங்களும் வரலாம்.

இதில் நர்ஸின் உதவி பெரியது. டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்லலாம். கை நடுக்கம், உடல் எடை, அதிக தாகம் என எதனால் மாத்திரையை விட்டார் என்பதை மறைக்க வேண்டாம். அளவை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். கிழமைவாரியாக அறை பிரித்த டப்பாவில் மாத்திரை வைப்பது, இரவு மாத்திரையை இஷா தொழுகையோடு சேர்த்துப் பழகுவது போன்ற வழிகளையும் அவரிடம் பேசி முடிவு செய்யலாம். லித்தியம் அளவைப் பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அன்று காலை மாத்திரை, இரத்தம் கொடுத்த பிறகே.

ரமலானுக்கு முன்பே நோன்பு பற்றிக் கேளுங்கள். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் கூடி நஞ்சாகலாம். வேளையை நாமாக மாற்றுவதும், இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போடுவதும் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் சிலவும் லித்தியம் அளவைக் கூட்டும். கேட்காமல் போட வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ் சலுகை தந்திருப்பதை சூரா அல்பகரா (2:184, 185) சொல்கிறது. டாக்டர் சொன்னதை ஆலிமிடம் சொல்லித் தெளிவு பெறுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: சோற்றில் மறைத்துக் கொடுக்காதீர்கள், தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். "பைத்தியம்" என்று சொல்லாதீர்கள். அவசரமென்றால் அரசின் டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா தருவானாக. ஆமீன்.