சமுதாயக் கல்லூரியும் அதனை நடத்துவோர் கடனும்

கல்லூரி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன உயர்ந்த தூண்களும், பரந்த நூல்நிலையமும், மூன்றாண்டுப் படிப்பும், பட்டமளிப்பு விழாவுமேயாம். இவற்றுள் ஒன்றேனும் இன்றியும் கல்லூரி எனப் பெயர் பெற்று, பட்டம் பெறும் வாய்ப்பில்லாதார்க்கு வாழ்வளிக்க எழுந்த நிலையம் ஒன்று உண்டு. அதனைச் சமுதாயக் கல்லூரி என்ப. அஃது யாது, எங்ஙனம் தோன்றிற்று, நம் நாட்டில் அது கண்ட ஏற்றத்தாழ்வுகள் யாவை, கன்னட நாட்டை அடுத்துள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்கு அதனால் விளையக்கூடிய நன்மை யாது என்பனவற்றையும், அதனை நடத்தும் தலைவர்க்கு இன்றியமையாத கடன்கள் மூன்றனையும் ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இக்கல்லூரியின் பிறப்பிடம் அமெரிக்க ஐக்கிய நாடு. 1901-ம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளித் தலைவராகிய ஜே. ஸ்டான்லி பிரௌன் என்பாரும், சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவராகிய வில்லியம் ரெயினி ஹார்ப்பர் என்பாரும் கலந்தெண்ணி, பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் தம் ஊரிலிருந்தே மேற்படிப்பின் முதற்பகுதியைக் கற்குமாறு ஓர் இளநிலைக் கல்லூரியை ஏற்படுத்தினர். தொடக்கத்தில் மாணவர் அறுவரே. பின்னர் இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர் இல்லந் திரும்பியகாலை, அவர்க்கெல்லாம் கல்வியும் தொழிலும் அளிக்கவேண்டிய நெருக்கடி உண்டாயிற்று. 1947-ம் ஆண்டில் அந்நாட்டுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருகவேண்டும் என்று வற்புறுத்திற்று. சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் பரவலாயது அதன் பின்னரே. அவ்வூர் மக்களுக்கு வேண்டுவதைக் கற்பித்தல், வருவார் யாவர்க்கும் வாயில் திறந்திருத்தல், செலவு குறைவாயிருத்தல் என்னும் மூன்றுமே இதன் இலக்கணம் எனலாம்.

நம் நாட்டில் இதன் வரலாறு 1995-ம் ஆண்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நிறுவிய சமுதாயக் கல்லூரியோடு தொடங்குகின்றது. அடுத்த ஆண்டாகிய 1996-ல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தாரின் முயற்சியால் சென்னைச் சமுதாயக் கல்லூரி எழுந்தது. பள்ளியை இடையில் விட்டோர், ஏழை மகளிர், குப்பத்து இளைஞர் ஆகியோரே அதன் மாணவர். 1999-ம் ஆண்டில் சென்னையில் சமுதாயக் கல்விக்கென ஓர் ஆய்வு வளர்ச்சி மையம் ஏற்பட, இயேசு சபைத் துறவியாகிய சேவியர் அல்போன்ஸ் அவர்கள் அதனை முன்னின்று நடத்தி, தமிழகத்தின் பல ஊர்களிலும், பிற மாநிலங்களிலும் இவ்வியக்கம் பரவச் செய்தார். அவர்கள் வகுத்த பாடமுறை நுணுகி நோக்கற்பாலது. மாணவன் முதற்கண் வாழ்க்கைத் திறன் கற்கின்றான். அஃதாவது, அஞ்சாது பேசல், உடல்நலம் பேணல், வரவு செலவு அறிதல், பிறரொடு கூடி வினையாற்றல் என்பன. அதன்பின் தொழில் திறன். அதன்பின் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ கடையிலோ நேரிற் பயிற்சி. ஏறத்தாழ ஓராண்டில் இவை நிறைவெய்த, அவன் பணியில் அமர்கின்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழியின் உண்மையை நன்குணர்ந்தோர் வகுத்த முறை இது.

இனி, இடத்தை நோக்குவாம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் பண்டு சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 1965-ல் தருமபுரி மாவட்டத்தின் கூறாயின. 2004-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. மாவும் தக்காளியும் கேழ்வரகும் விளையும் இந்நிலத்தில், 1971-ல் நிறுவப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை வகுத்தது. 1980-ம் ஆண்டிலேயே அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலையும், டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டியை ஈன்ற ஆலையும் இவ்வூரில் ஓடத் தொடங்கின. 1984-ல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூடித் தொடங்கிய டைட்டன் நிறுவனம், சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றி, கடிகாரம் இணைக்கும் நுண்டொழிலில் அமர்த்திற்று. ஏர் பிடித்தோர் மக்கள் மயிரிழை போன்ற திருகாணியைக் கையாளக் கற்றனர். தக்க பயிற்சி கிடைப்பின் இந்நிலத்து மக்களால் ஆகாத தொழில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதின்று.

அண்மையில் இத்தொழில் நாடு மேலும் விரிந்துள்ளது. 2021-ம் ஆண்டில் போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. ஓசூரை அடுத்துக் கைப்பேசி உறுப்புகள் செய்யும் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெண்களே பெருந்தொகையினர். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, மின்னணு நகரம் என வரிசையாகத் தொழிலிடங்கள் பெங்களூர் வரை தொடர்கின்றன. வேலை வேண்டுவோர் இருபுறமும் செல்கின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் ஓசூர். ஆகலின் ஆலை வாயிலில் எம்மொழியாற் பேசுவது என்பதும் ஆண்டு ஒரு திறனேயாம்.

இத்துணை ஆலைகள் உளவாயின், இளைஞர்க்குக் குறை யாது என வினவலாம். பத்தாம் வகுப்போடு நின்ற சிற்றூர் இளைஞன் ஆலை வாயிலை அடைந்தால், அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியே. பொறி மாறின் அவன் வேலையும் மாறும், அன்றி மறையும். பெட்ரோல் எஞ்சின் பழுது பார்க்கக் கற்றவன் மின்கலத்தாலோடும் வண்டியின் முன் கைகட்டி நிற்க நேர்கின்றது. பொறியியற் பட்டதாரிக்கும் கூலியாளுக்கும் இடைப்பட்ட திறனாளர் வரிசையில் அவனை ஏற்றுதற்கு உரிய படியே சமுதாயக் கல்லூரி. அப்படி உறுதியாய் அமைவதும் இடிந்து வீழ்வதும் அதனை நடத்துவோர் கையில் உள்ளன. அவர்தம் கடன்கள் மூன்று: பரிந்து பேசல், திட்டமிடல், மாணவரை ஈடேற்றல்.

முதலாவது பரிந்து பேசல். மாணவன் பெறும் சான்றிதழைப் பிறர் மதியாராயின் அவன் செலவிட்ட ஓராண்டு வீணே. இதற்கு வரலாறே சான்று. 2002-ல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளை ஏற்றுச் சான்றிதழ் அளிக்க முன்வந்தபோது இயக்கம் தழைத்தது. 2009-ல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடெங்கும் பலநூறு கல்லூரிகளைப் பதிவு செய்தது. ஆயின் சில ஆண்டுகளுக்குள் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. விரைந்து பெருக்கியது விரைந்தே குன்றிற்று. பின்னர் 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டத்தை வகுத்து, முன்பே நடந்துவரும் கல்லூரிகளுக்குள் இவ்வகைப் படிப்பை அமைக்க வழி செய்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே தேசியத் திறன் தகுதிச் சட்டகமும் அறிவிக்கப்பட்டது. ஒரு மாநிலத்துச் சான்று மற்றொரு மாநிலத்தும் ஒரே படியாக மதிக்கப்பட இச்சட்டகம் வழி வகுக்கின்றது. எல்லைப்புறத்து இளைஞனுக்கு இதன் அருமை தனித்துக் கூறவேண்டா. ஆகவே, அரசினரிடத்தும் பல்கலைக்கழகத்திடத்தும் ஆலை முதலாளிகளிடத்தும் இடையறாது சென்று, மாணவன் பொருட்டு வாதாடுவது தலைவர்க்குத் தலையாய கடனாம்.

ஈண்டு ஒரு தடை நிகழும். ஆலைகளுக்கு மலிந்த கூலியாளரை ஆக்கித் தருவதன்றோ இக்கல்லூரி என்பர் சிலர். அத்தடையைப் புறக்கணித்தல் கூடாது. ஆலைக்காகவே பேசுந் தலைவர் வாய்ப்பின் அவ்வாறே முடியும். சட்டம் மாணவன் பக்கமும் நிற்கின்றது என்பதை அவர் அறிதல் வேண்டும். 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் தொழிலாளர் தொகையில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பழகுநரை அமர்த்தி, அவர்க்கு உதவித்தொகையும் அளித்தல் வேண்டும் என விதிக்கின்றன. பயிற்சி என்னும் பெயரால் கூலியின்றி வேலை வாங்குதல் வேறு, பழகுநராய் முறைப்படி பதிந்து கற்பித்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஆலையாரிடம் எடுத்தோதி, எழுத்திற் பெற்றுத் தருவதே மாணவன்பாற் பரிவாகும்.

இரண்டாவது திட்டமிடல். இடத்தையும் காலத்தையும் அறியாது பாடம் வகுத்தல் பாறையில் விதைத்தலை ஒக்கும். எங்கும் கணினியும் தையலும் கற்பித்துவிட்டால் போதும் என எண்ணுதல் பிழை. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் உண்டு. அவற்றிற்கு உணவுப் பதனம் அறிந்தோர் வேண்டும். ஓசூரைச் சூழ்ந்து ரோசா மலர் வளர்க்கும் பசுமைக் குடில்கள் உண்டு. சொட்டுநீர்க் குழாயும் குளிர்கிடங்கும் பேணவல்லோர் வேண்டும். மின்வண்டி ஆலைக்கு மின்கலம் அறிந்தோரும், கடைசல் ஆலைக்குக் கணினியால் இயங்கும் பொறியை இயக்குவோரும் வேண்டும். ஆண்டுதோறும் ஆலைகளின் மேலாளரையும் விவசாயிகளையும் பழைய மாணவரையும் ஒருங்கழைத்து, எது தேவை, எது தேய்ந்தது எனக் கேட்டறிந்து பாடத்தை மாற்றியமைத்தல் தலைவரது திட்டமாதல் வேண்டும்.

அன்றியும், பிறர் செய்துவருவதை மீண்டுஞ் செய்யாது அதனோடு இணைதல் நன்று. தமிழக அரசினர் 2022-ம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில் நான் முதல்வன் என்னும் திறன் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு உடன்பட்டு, 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுக்காலப் பொறிகளோடு மேம்படுத்த முற்பட்டனர். விலைமிக்க பொறிகளை ஒரு சிறு கல்லூரி வாங்குதல் அரிது. அண்டை நிலையத்துப் பொறியைத் தன் மாணவர் பயன்படுத்த உடன்படிக்கை செய்தல் எளிது.

மூன்றாவது மாணவரை ஈடேற்றல். இதுவே ஏனைய இரண்டன் பயனுமாம். அமெரிக்க நாட்டிலும் நெடுங்காலம் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதையே எண்ணி மகிழ்ந்தனர். எத்தனை பேர் முடித்தனர் என எண்ணியபோது தலைகுனிய நேர்ந்தது. திறந்த வாயில் வழியே நுழைந்தோரிற் பலர் அவ்வழியே வெளியேறியிருந்தனர். இந்நிலையை மாற்ற 2007-ல் நியூயார்க்கு நகரப் பல்கலைக்கழகத்தார் தம் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு முயற்சி செய்தனர். மாணவர்க்குக் கட்டணக் குறை நீக்கினர், பாடநூலுக்கு உதவினர், நகர வண்டியிற் செல்லச் சீட்டளித்தனர், அடிக்கடி கண்டு பேச ஓர் ஆலோசகரையும் அமர்த்தினர். ஆய்வின் முடிவில், இவ்வுதவி பெற்றோருள் நூற்றுக்கு 40 பேர் மூன்றாண்டுகளில் படிப்பை முடித்தனர். பெறாதாருள் 22 பேரே முடித்தனர். மாணவனை இடையில் நிறுத்துவது அறிவுக் குறைவு மட்டுமன்று, பேருந்துக் கட்டணமும் ஆகலாம் என்னும் உண்மை இதனால் விளங்கிற்று.

நம் எல்லைப்புறத்திற்கு இவ்வுண்மை மிகப் பொருந்தும். தளி, அஞ்செட்டி போன்ற மலைசார்ந்த ஊர்களிலிருந்து ஓசூருக்கு வந்து மீளும் மாணவிக்கு, வகுப்பு முடியும் நேரமும் கடைசிப் பேருந்து புறப்படும் நேரமும் ஒத்திராவிடின், எத்துணைச் சிறந்த ஆசிரியரும் அவளைப் படிக்கவைத்தல் இயலாது. அறுவடைக் காலத்தில் வீட்டிற்கு உதவவேண்டிய மாணவனுக்கு விடுமுறை நாள் மாறியமைதல் வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து வாராதவனை மூன்றாம் நாள் வீடு சென்று காண்பவர் ஒருவர் இருத்தல் வேண்டும். இவை பெருஞ்செலவின, ஆயினும் ஒரு மாணவனை இழத்தலினும் சிறுசெலவினவேயாம்.

ஈடேற்றம் என்பது முதல் மாதச் சம்பளத்தோடு முடிவதுமன்று. ஈராண்டிற்குப் பின்னும் அவன் வேலையில் உள்ளானா, படி உயர்ந்தானா, மேற்கல்விக்கு வழி திறந்துள்ளதா என்பனவும் அளவைகளாம். இன்று பொறி இயக்குபவன் நாளை விரும்பின் பட்டயமும், பட்டமும் பெறுமாறு பாடப் புள்ளிகள் தொடர்தல் வேண்டும். அவ்வழி அடைபட்டிருப்பின் சமுதாயக் கல்லூரி ஏழைக்கெனக் கட்டிய குட்டைச் சுவராகவே நிற்கும், திறந்திருப்பின் ஏணியாகும்.

மேற்கூறியவற்றால், பரிந்து பேசலின்றித் திட்டம் ஏட்டளவினதாம் என்பதும், திட்டமின்றிப் பரிவு வெறுஞ்சொல்லாம் என்பதும், மாணவன் ஈடேறாவிடின் இரண்டும் பயனிலவாம் என்பதும் விளங்கும். பட்டப்படிப்பு வாய்த்த நம்மனோர், நம்மோடு பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து இடையில் நின்றோரை மறத்தல் தகாது. நம் போன்ற பெரிய கல்லூரிகள் மாலைப் பொழுதிலேனும் தம் வகுப்பறைகளையும் ஆய்வுக்கூடங்களையும் அவர்க்குத் திறந்துவிடுமாயின், பழைய மாணவராய்த் தொழிற்சாலைகளில் உயர்நிலை எய்தியோர் வாரத்தில் ஒரு மணிநேரம் வந்து கற்பிப்பாராயின், சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் பொருளுடைப் பெயராகும். அவ்வாறு செய்ய வல்லோர் நம்முள் பலர், முன்வருவோரும் பலராகுக.