டாக்டரிடம் சொல்லாத மாத்திரை

விடியற்காலையில் பெரியப்பாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தலையை அண்ணாந்து சாய்த்து வைத்திருந்தார்கள். அது தவறு, ரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சுவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விரலை எடுக்கக் கூடாது. அப்படியும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பெரியப்பா பிரஷர் மாத்திரையைச் சொன்னார், இதயத்துக்கான ஆஸ்பிரினைச் சொன்னார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெய் கேப்சூலையும் வைட்டமின் ஈ-யையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அது மருந்து இல்லையேப்பா, சத்து மாத்திரைதானே” என்றார்.

ஆபத்து இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டுச் சாறு, ஜின்கோ போன்றவை, அளவு கூடினால் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் இவற்றையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக் கசிவு கூடலாம். மூக்கின் உள்தோல் மெல்லியது என்பதால் அங்கே எளிதில் ரத்தம் வரும். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறுநாள் பெரியப்பாவின் மாத்திரை டப்பாக்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் நிறுத்தச் சொன்னது சத்து மாத்திரைகளை மட்டும்தான்.

அடுத்தது ஒவ்வாமை. தேனீ மகரந்தம், ராயல் ஜெல்லி ஆகியவை சிலருக்குத் தும்மல், மூக்கடைப்பு தொடங்கி மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும். எக்கினேசியா என்ற மூலிகை, நம் ஊர்த் தரிசில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியத்தின் குடும்பத்துச் செடி. பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் பாக்கெட்டைப் பிரித்து டம்ளரில் கொட்டும்போது லேசாகத் தூசி எழும். அதைத் தினமும் கையாளும் நர்சுகளுக்கும் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் மூக்கு ஒவ்வாமை வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. மூக்கு வீங்கினால் சைனஸ் வாசல் அடைபடும். நீர் தேங்கி நெற்றியும் கன்னமும் வலிக்கும். புது மாத்திரை தொடங்கிய பிறகு இப்படி வந்தால், தொடங்கிய தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டரிடம் மட்டுமல்ல, அரசிடமும் சொன்னால் பலன் உண்டு. அமெரிக்காவில் சளிக்கென்று, மூக்குக்குள் இடும் ஸிகாம் என்ற துத்தநாக ஜெல் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கப்பட்டது. வாசனை தெரியாமல் போய்விட்டதென்று 130-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்த பிறகு, 2009 ஜூனில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பயன்படுத்த வேண்டாமென எச்சரித்தது. சந்தையிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்ததால் நடந்தது இது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. சத்து மாத்திரை டப்பாவில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற அறிவிப்பும் இருந்தாக வேண்டும். தெரிந்த பக்கவிளைவுகளையும், மருந்தோடு சேர்ந்தால் வரும் கேட்டையும் அச்சிட வேண்டும். சைனஸைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்தால் அது குற்றம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சந்தேகமிருந்தால், சோதனைக்கு அனுப்பப்போவதாகக் கடைக்காரரிடம் சொல்லியே வாங்கி, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பலாம். நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதற்கு பில்லும் டப்பாவும் தேவைப்படும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.