கலாநிதிப் பட்டத்தின் பின் ஆராய்ச்சி

கலாநிதிப் பட்டம் பெற்றதோடு ஒருவரது கல்வி முற்றுப்பெற்றுவிடுகின்றது என்றே பலரும் கருதுவர். விஞ்ஞானத் துறையில் அஃது அவ்வாறன்று. பட்டத்துக்கும் நிலையான பதவிக்கும் இடையே இன்னொரு பருவம் உண்டு. அப்பருவத்தினர் மாணவருமல்லர்; ஆசிரியருமல்லர். பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகூடத்திலே, பெரும்பாலும் அவர் பெற்ற ஆராய்ச்சி நிதியிலிருந்து வேதனம் பெற்று, சில ஆண்டுகள் ஒப்பந்தத்தின்பேரிற் பணிபுரிவர்.

இப்பருவத்தின் பெரும்பேறு யாதெனின், ஓய்வு எனலாம். ஓய்வு என்றது சோம்பியிருத்தலையன்று. விடைத்தாள் திருத்தலும் கூட்டங்களுக்குச் செல்லலும் இன்றிக் காலை முதல் இரவுவரை ஒரே வினாவோடு வாழக் கிடைக்கும் வாய்ப்பையே. பகலிற் கற்பித்து இரவிற் படித்து வெளிவாரிப் பட்டம் பெற்ற எம்போல்வார்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பேராசிரியரானபின் இவ்வாய்ப்புப் பலர்க்கு மீண்டும் வாய்ப்பதில்லை.

இனி, துன்பம் யாது? வேதனக் குறைவு என்பர். அதனினும் பெரிதொன்று உளது. வேதனம், நற்சான்றுக் கடிதம், அந்நிய நாட்டவராயின் அந்நாட்டில் தங்கும் அநுமதி ஆகிய மூன்றும் ஒரே மேலாளர் கையில் இருத்தலே அது.

ஹங்கேரிய உயிரிரசாயன அறிஞர் கத்தலின் கரிக்கோவின் வரலாறு இதற்குச் சான்று. 1982ஆம் ஆண்டிற் செகெட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அந்நகர ஆராய்ச்சி நிலையத்திலேயே 1985 வரை ஆய்வு செய்தார். நிதி நின்றது, வேலையும் போயிற்று. கணவரோடும் இரண்டு வயது மகளோடும் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வாளராகப் புறப்பட்டார். பெருந்தொகைப் பணத்தை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல அக்காலச் சட்டம் இடந்தரவில்லை. ஆதலால் மோட்டார் வண்டியை விற்ற பணத்தை மகளின் கரடிப்பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு சென்றார். 1988இல் வேறொரு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. ஆய்வுகூடத் தலைவர் அதனை விரும்பவில்லை. விளைவு, நாடுகடத்தப்படும் அச்சம். கிடைத்த அழைப்பும் கைநழுவிற்று. பெதெஸ்டா நகரில் மற்றோர் ஆய்வுப்பணி தேடிக்கொண்டு, 1989இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

அவ்வாண்டுகள் வீண்போயின என்று கூறுதல் பொருந்தாது. செகெட்டிலும் டெம்பிளிலும் அவர் கையாண்டவை, ஆர்.என்.ஏ.யின் கூறுகளாகிய நியூக்கிளியோசைட்டுக்களின் திரிந்த வடிவங்கள். ஆய்வுகூடத்தில் ஆக்கிய தூது ஆர்.என்.ஏ.யை உடலினுட் செலுத்தினால், உடல் அதனைப் பகையெனக் கொண்டு எதிர்க்கும். யூரிடினைச் சூடோயூரிடினாக மாற்றுதல் போன்ற திரிபுகளால் அவ்வெதிர்ப்பு அடங்கும் என்பதை, அவரும் துரூ வைஸ்மனும் 2005இல் வெளியிட்டனர். பழகிய கை பழைய பாடத்தை மறக்கவில்லை. கொவிட் நோய்க்கான தடுப்பூசிகளுக்கு இக்கண்டுபிடிப்பு உதவிற்று; 2023இல் இருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இடையே, 1995இல், அப்பல்கலைக்கழகம் கரிக்கோவைப் பதவியிறக்கியிருந்தது என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

எல்லார்க்கும் முடிவு இங்ஙனம் அமைவதில்லை. ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்திற் பட்டத்தின் பின்னான ஆய்வாளராயிருந்து இழுதுமீனின் ஒளிப்புரதங்களை ஆராய்ந்தவர் டக்ளஸ் பிரேஷர். அம்மீனின் பச்சையொளிப் புரதத்துக்குரிய பரம்பரையலகின் அமைப்பைப் பின்னர் வேறு நிலையமொன்றிற் கண்டறிந்து 1992இல் வெளியிட்டார். மேலும் நிதி கிடையாமையால் அவ்வாய்வைக் கைவிட்டு, அப்பரம்பரையலகைக் கேட்ட மார்ட்டின் சால்பிக்கும் ரொஜர் சியனுக்கும் கொடுத்துதவினார். அவ்விருவரும் ஒசாமு சிமொமுராவும் 2008இல் அப்புரதத்துக்காக நோபெல் பரிசு பெற்ற வேளை, பிரேஷர் அலபாமா மாநிலத்தில் மோட்டார் விற்பனை நிலையமொன்றில் வாடிக்கையாளரை ஏற்றியிறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.