இரண்டாவதும் சிசேரியன்தானா?

முதல் பிரசவம் ஆபரேஷனில் முடிந்தால் அடுத்ததற்கும் கத்திதான் என்பது எழுதப்படாத விதி. தெலங்கானாவில் அந்த விதியைக் கேள்வி கேட்பவர்கள் குறைவு.

பஞ்சாங்கம் பார்த்தாகிவிட்டது. நாள், நட்சத்திரம், நேரம் எல்லாம் குறித்தாகிவிட்டது. புரோகிதர் சொன்ன நேரத்தில் ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெலங்கானாவின் மகப்பேறு மருத்துவர்களுக்கு இது பழகிப்போன வேண்டுகோள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி அம்மாநிலத்தில் 100க்கு 60.7 குழந்தைகள் சிசேரியனில் பிறந்தன. நாட்டிலேயே இதுதான் அதிகம். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 81.5. நாடு முழுவதற்குமான கணக்கு 2005-06ல் 8.5 சதவீதமாக இருந்து 21.5 ஆக உயர்ந்திருக்கிறது.

பழியை முகூர்த்தத்தின் மீது மட்டும் போட்டுவிட முடியாது. சுகப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், கட்டணமும் அதிகம். ஒரே ஒரு டாக்டரை நம்பி நடக்கும் சிறு நர்சிங் ஹோமில் இரவெல்லாம் பிரசவ வார்டில் யார் உட்கார்ந்திருப்பது? மயக்க மருந்து நிபுணரோ அழைத்தால் வருகிறவர். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உறவினர்கள் கண்ணாடியை உடைப்பார்கள் என்ற பயம் வேறு. இத்தனை கவலைக்கும் ஒரே மருந்தாகக் கத்தி பயன்படுகிறது. பெண்களிலும் வலிக்குப் பயந்து ஆபரேஷன் கேட்பவர்கள் உண்டு. பிரசவ வார்டில் கணவனையோ தாயையோ உடன் விடாமல், கத்தினால் அதட்டும் இடங்களில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியுமா?

உண்மையான சிக்கல் இரண்டாவது பிரசவத்தில்தான் தொடங்குகிறது. ஒருமுறை சிசேரியன் செய்தால் பிறகு எப்போதும் சிசேரியன்தான் என்று 1916ல் சொன்னவர் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின். அன்று கர்ப்பப்பையின் மேல்பகுதியை நெடுக்காகக் கீறினார்கள். அடுத்த பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிளக்கும் ஆபத்து அதிகம். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் கீறுகிறார்கள். அந்தத் தழும்பு உறுதியானது. இப்படி ஒரு சிசேரியன் ஆனவர்களில் சுகப்பிரசவத்துக்கு முயல்கிறவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவமும் ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

தழும்பு பிளக்கும் ஆபத்து ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் அந்த ஒருவருக்கு நிமிடங்களுக்குள் வயிற்றைத் திறக்காவிட்டால் குழந்தை பிழைக்காது, தாயும் ஆபத்தில். திட்டமிட்ட சிசேரியனில் இந்த ஆபத்து மிகமிகக் குறைவு. முயற்சி தோற்று, வலியின் நடுவே அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில் சிக்கல்கள் அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேலேயே ஒட்டி வேர்விடும் ஆபத்து ஏறுகிறது. அப்போது கட்டுக்கடங்காத ரத்தப்போக்கில் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். இரண்டாவது ஆபரேஷனோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொள்ளும் தென்னிந்தியப் பெண்களுக்கு இந்த வாதம் அவ்வளவு உறைக்காது. மூன்றாவதும் வேண்டும் என்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். முகூர்த்தத்துக்காக 39 வாரம் முடியும் முன்பே எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பும் கூடுதல்.

முடிவெடுக்க முதலில் தேவை பழைய டிஸ்சார்ஜ் சீட்டு. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்துக் கர்ப்பப்பையில் எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. கீறல் நெடுக்கானது என்றால் முயற்சியே கூடாது. முதல் ஆபரேஷன் எதற்காக நடந்தது என்பதும் முக்கியம். குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் என்றால் இந்த முறை அந்தக் காரணம் இல்லாமல் போகலாம். இரு பிரசவங்களுக்கும் இடைவெளி ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு என்றால் ஆபத்து கூடும். வலி வரவழைக்கும் மருந்துகளாலும் அப்படியே.

அரசுத் தரப்பிலும் சில அசைவுகள் உண்டு. 2017ல் கரீம்நகரில் செவிலியர்களுக்கு மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் கணக்கை வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும் என்று 2017ல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி வலியுறுத்தினார்.

சுகப்பிரசவத்துக்கு முயல விரும்பும் பெண், மருத்துவமனையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது எளிமையானது. நள்ளிரவு 2 மணிக்குத் தழும்பு பிளந்தால் மயக்க மருந்து நிபுணர் உள்ளேயே இருப்பாரா, ரத்தம் தயாராக இருக்குமா, குழந்தையின் இதயத்துடிப்பை வலி நேரம் முழுவதும் யார் கவனிப்பார்கள்? பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு மருத்துவமனை பார்க்கலாம். அதற்கும் வழியில்லாத ஊரில் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பானது.